மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே

என்னை எழுப்புவது அலாரம் இல்லை. அலாரம் வைப்பேன், அதுவும் அடிக்கும், அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அப்புறம் சமையலறையில் காபி ஃபில்டரின் தலையில் அம்மா ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுவாள். டிகாக்‌ஷன் இறங்காமல் அடம்பிடித்தால் அப்படித் தட்டுவது அவள் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் கால் தரையில் படும். வங்காளத்தில், சால்ட் லேக்கில் எங்கள் அரசுக் குடியிருப்பு முழுக்க இருட்டாக இருக்கும்போது எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மட்டும் விளக்கு எரியும். நான் ஓடப் போகிறவள், எண்ணூறு மீட்டர். அம்மா எனக்குக் காபி போடுகிறவள். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி.

எண்ணூறு மீட்டர் என்றால் தடத்தை இரண்டு முறை சுற்றி வருவது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். நூறு மீட்டர்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் நிதானமாகத் தொடங்குவார்கள். எங்களுக்கு இரண்டு கொடுப்பினையும் கிடையாது. முதல் சுற்றில் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டால் இரண்டாவது சுற்றில் உடம்பு அதற்குப் பழிவாங்கும். கடைசி வளைவில் தொடை இரண்டும் கல்லாகிப் போகும், தொண்டையில் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி ஏறும், இதை யார் என்னைச் செய்யச் சொன்னார்கள் என்று தோன்றும். முடித்தபிறகு புல்லில் குப்புற விழுந்து வாந்தி எடுப்பதும் உண்டு. இதில் ஒன்றையும் நான் அம்மாவிடம் சொன்னதில்லை.

அம்மாவிடம் சொன்னதெல்லாம் வேறு கதைகள். காலையில் பால் காய்வதற்கும் நான் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். டவராவில் நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தபடி, "நேத்து என்னட்டி நடந்துச்சு?" என்பாள். தடத்தின் நடுவில் ஒரு நாய் குட்டி போட்டதையும், பயிற்சியாளர் விசிலைத் தொலைத்துவிட்டு வாயாலேயே ஊதியதையும், என்னோடு ஓடும் கிடர்பூர்க்காரி கால்சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததையும் சொல்வேன். அம்மா சிரிப்பாள். கதையில் நான் மூழ்கிவிட்டால் மட்டும் குறுக்கே வருவாள். "பேச்சு கெடக்கட்டும். மொதல்ல குடி, ஆறிப்போவுது."

அம்மா திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளுடைய வங்காளம் காய்கறி வண்டியைத் தாண்டிப் போகவில்லை. எனக்கு நேர் எதிர். காலேஜில் வங்காளம், மைதானத்தில் வங்காளம், பேருந்தில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். அப்பா ஆபீஸிலிருந்து வந்தால் டிவிக்கும் அவருக்கும்தான் பேச்சுவார்த்தை. ஆக, நாளெல்லாம் எனக்குத் தமிழ் கிடையாது, அம்மாவுக்குப் பேச ஆளே கிடையாது. எங்கள் இருவருக்கும் அந்த ஒரு டம்ளர் காபி நேரம்தான். அதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை. தினமும் கிடைப்பதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அந்தக் காபிக்கு அம்மா படும் பாட்டைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சால்ட் லேக் கடையில் கிடைக்கும் பொடியை அவள் காபி என்றே ஒத்துக்கொள்வதில்லை. "கலர் தண்ணி" என்பாள். பேருந்து பிடித்து கரியாஹாட் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, நம் ஊர்க்காரர் ஒருவர் அரைத்துத் தரும் கடையில் வாங்கி வருவாள். சிக்கரி கொஞ்சம் கூடிப்போனால் அடுத்த முறை கடைக்காரர் பாடு அதோகதிதான். தெருமுனையில் மண்குடுவையில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் இந்த ஊர் ஜனங்களை அவள் இரக்கத்தோடு பார்ப்பாள். "பாவம், சாயாவக் குடிச்சே காலத்தைக் கழிக்குதாங்க."

மைதானத்துக்கு மட்டும் அவள் வந்ததே இல்லை. ஒருமுறை கூப்பிட்டேன். "நான் அங்கன வந்து என்ன செய்ய? நீ ஓடுத, எனக்கு ஓட்டமும் தெரியாது, பாஷையும் தெரியாது. காபி போட்டுத் தாரேன், அதோட என் சோலி முடிஞ்சுது" என்றாள். சொன்னது சாதாரணமாகத்தான். ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. என் ஓட்டத்தில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கு அந்த டம்ளரில் இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தின. முதல் சுற்று சரியாகத்தான் போகும். இரண்டாவது சுற்றில், பாதி தூரம் இருக்கும்போதே, யாரோ என்னைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல ஆகிவிடும். எனக்குப் பின்னால் வரும் பெண்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கிடர்பூர்க்காரி தாண்டும்போது முகத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தாள், ஓடும்போது யாரும் செய்யாத காரியம் அது. வீட்டில் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தலை சீவினால் சீப்பு முழுக்க முடி.

பயிற்சியாளரை நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி, ஆனால் சோம்பலை மட்டும் மன்னிக்கமாட்டார். ஒருநாள் எல்லார் முன்னாலும், "ஃபாங்கி மார்ச்சிஸ்?" என்று கேட்டார். ஏய்க்கப் பார்க்கிறாயா என்று அர்த்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்னொன்றும் அப்போது நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பச்சரிசி மேல் பைத்தியம் பிடித்திருந்தது. சமையலறைப் பக்கம் போனால் கை தானாக அரிசி டப்பாவுக்குள் போகும். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு நறநறவென்று மென்றால்தான் நிம்மதி. அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். "ஏட்டி, அரிசியத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும், கேட்டியா?" நான் ஜன்னலைக் காட்டுவேன். வெளியே தெரு முழுக்கத் தண்ணீர், அப்பாவின் ஸ்கூட்டர் பாதி முங்கி நிற்கும். "இந்த ஊர்ல நான் அரிசி திங்காட்டாலும் மழை வரும்மா" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அது நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கடைசியில் தீதிக்குத்தான் தோன்றியது. என்னை ஓரமாக அழைத்துப் போய், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வா என்றார். சோதித்ததில் ரத்தத்தில் இரும்புச்சத்து அடியோடு வற்றியிருந்தது தெரிந்தது. வளர்கிற வயது, மாதா மாதம் போகிற ரத்தம், தினமும் சிந்துகிற வியர்வை, அதோடு எங்கள் வீட்டுச் சாப்பாடு சுத்த சைவம். ஓடுகிற பெண்களில் நிறையப் பேருக்கு இது வரும், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போடு, பயிற்சியைப் பாதியாகக் குறை என்று சீட்டு எழுதித் தந்தார்கள். மறுநாள் தீதி என் தலையில் கை வைத்து, "அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். பனிக்காலத்தின் கடைசியில் மாநில அணிக்கான தேர்வு ஓட்டம் இருக்கிறது, அதற்குள் தேறிவிடுவாய் என்றும் சொன்னார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கோ உற்சாகமே வந்துவிட்டது. இத்தனை நாள் என் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், இப்போது தனக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்ததும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் பூவையும் காயையும் விரும்பிப் பறிப்பார்கள், இலையை அவ்வளவாகச் சீண்டமாட்டார்கள். அம்மா காவலாளியோடு கையால் பேசி, கிளை கிளையாக வாங்கி வந்தாள். முருங்கைக்கீரை அடை, முருங்கைக்கீரைப் பொரியல், முருங்கைக்கீரை சாம்பார். அப்பா ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இதத் தின்னுட்டு நானும் ஓடணுமா?" என்று கேட்டார்.

மாத்திரையையும் அவள் என் கையில் கொடுக்கவில்லை. நான் மறந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மாத்திரை அட்டையைக் காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். காலையில் டவராவின் ஓரத்தில் ஒரு மாத்திரை, நடுவில் நுரை ததும்பும் டம்ளர். "வெறும் வயித்துல மருந்து கூடாது. சூடாக் காபியோட உள்ள தள்ளு, ஒடம்புல நல்லா ஒட்டும்" என்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காபியோடு சேர்ந்தால் எதுவும் நல்லதாகத்தான் ஆகும் என்று நம்புகிற வீட்டில் பிறந்தவள் நான். தண்ணீரோடு விழுங்கியிருந்தால் எப்போதோ தேறியிருப்பேன். ஒரு நாள் தவறாமல், ஒரு வாய் மிச்சம் வைக்காமல், அத்தனையையும் காபியில் கரைத்தோம்.

துர்கா பூஜை வந்தது. அந்த நாட்களில் இந்த ஊரில் யாரும் உட்காரமாட்டார்கள், பந்தல் பந்தலாக நடந்துகொண்டே இருப்பார்கள். கிடர்பூர்க்காரி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது பந்தலிலேயே எனக்குக் கண் இருட்டியது. புதுத் துணி போட்ட கூட்டம் மேலே இடித்துக்கொண்டு போக, மூங்கில் தடுப்பைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த பரோட்டா ரோலைப் பிட்டு என் வாயில் வைத்தாள், உள்ளே முட்டை இருக்கிறது என்று ஞாபகம் வந்ததும் அவசரமாகப் பிடுங்கிக்கொண்டாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். இனி ஓடவே முடியாதோ என்று முதல் தடவையாகப் பயந்தது அங்கேதான்.

பூஜை முடிந்து மறுபடி ரத்தம் சோதித்தோம். அப்படியே இருந்தது. இந்தத் தடவை அம்மாவும் மருத்துவமனைக்கு வந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண், என் அக்கா போல இருந்தாள். மேஜையில் அவளுடைய டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. என் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கிறது என்று அம்மாவையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டாள். ஒரு நாள் விட்டதில்லை என்றேன். எதில் போடுகிறாய் என்றாள். காபியில் என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். காபியும் டீயும் பாலும் இரும்பை உடம்பில் சேரவிடாது, வழியிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும் என்றாள். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் காபியே கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும். காபி வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். அவள் ஒன்றும் குற்றம்சாட்டும் தொனியில் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. காபி என்ற சொல்லுக்கும் டாக்டரின் கை அசைவுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நான் குடுத்த காபியாலயாட்டி?" என்றாள்.

"ஒன்னாலன்னு யாரும் சொல்லலம்மா. நேரம்தான் தப்பு."

அம்மா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "அவ மேசையிலயே சாயா இருக்கு, நம்மளுக்குச் சொல்ல வந்துட்டா" என்று முணுமுணுத்தாள். பழைய அம்மாவாக இருந்திருந்தால் ஆட்டோ வீடு சேரும்வரை அதையே சொல்லித் திட்டிக்கொண்டு வந்திருப்பாள். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் நகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் ஃபில்டரைத் தட்டும் சத்தம் கேட்கவில்லை. அலாரம் அடித்து, நானே எழுந்து போனேன். மேடையில் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு, பக்கத்தில் மாத்திரை. ஃபில்டர் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா எனக்கு மட்டும் காபியை நிறுத்தவில்லை, வீட்டிலேயே நிறுத்திவிட்டாள். "வாசம் வந்தா ஒனக்கு நாக்கு ஊறும்" என்றாள். அப்பாவுக்கு பாட்டிலில் விற்கும் இன்ஸ்டன்ட் தூளை வாங்கி வைத்துவிட்டாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டில் யாரோ இறந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எலுமிச்சைச் சாறு குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மடக் மடக்கென்று இரண்டு வாய். ஆற்ற வேண்டாம், ஊத வேண்டாம், உட்கார வேண்டாம். நின்றபடியே மாத்திரையை விழுங்கிவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அம்மாவும் ஒன்றும் கேட்பதில்லை. காபி போனால் போகட்டும், அதற்கு நான் செத்துப்போகமாட்டேன். ஆனால் பேச்சும் அதோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக அம்மா ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டாள். நான் வாசலைத் தாண்டும் முன் என்னை விளக்குக்குக் கீழே நிறுத்தி, டாக்டர் செய்ததுபோலவே கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். "வெளுப்பாத்தான் இருக்கு" என்பாள். தினமும் அதே வாக்கியம்.

ஒருநாள் என் கோபம் திரும்பி வந்தது. உடம்பு தேறத் தொடங்கியதற்கு அதுதான் முதல் அடையாளம் என்று இப்போது தோன்றுகிறது. "விடும்மா! தினமும் கண்ணப் பிடிச்சு இழுத்தா ரத்தம் ஊறிருமா? காபியே குடிக்கக் கூடாதுன்னா சொன்னாங்க? ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடின்னுதானே சொன்னாங்க? நீ என்னமோ சாமியாராட்டம் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டே."

அம்மா இமையை விட்டாள். "ரெண்டு மணி நேரம் கழிச்சு நீ எங்கட்டி இருப்ப? கிரவுண்டுல இருப்ப. அங்கனருந்து அப்படியே காலேஜு. நான் யாருக்குக் காபி போட?"

மைதானத்துக்கு நடந்து போகும்போது ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கி வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அந்தக் கேள்வியே காதில் இருந்தது. அம்மா இத்தனை வருஷம் விடியுமுன்னே எழுந்தது என் ஓட்டத்துக்காக என்று நினைத்திருந்தேன். எனக்காகவும்தான், ஆனால் அவளுக்காகவும்தான். எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாளோ மூன்று நாளோ இருக்கும். பயிற்சி முடிந்து தசைகளைத் தளர்த்திக்கொண்டிருந்தோம். கிடர்பூர்க்காரி என் தோளைத் தட்டி, "அந்த மாஷிமா உன்னைத்தானே பார்க்கிறாள்?" என்றாள். மாஷிமா என்றால் நம் பெரியம்மா, சித்தி மாதிரி. மைதானத்தின் கேட்டுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சின் ஓரத்தில், ஊரிலிருந்து வந்த பச்சைப் புடவையில், மடியில் பெரிய ஃபிளாஸ்க்கோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆட்டோக்காரரிடம் "தாதா, மாட், மேயே தௌட்" என்று நான்கே சொற்களைச் சொல்லி வந்து சேர்ந்திருக்கிறாள். அண்ணா, மைதானம், பெண், ஓட்டம். அவர் பத்திரமாக கேட்டிலேயே இறக்கிவிட்டிருக்கிறார்.

நான் ஓடிப் போனேன். கையை நீட்டினேன். அம்மா ஃபிளாஸ்க்கைத் திறக்கவில்லை. செல்போனில் மணியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கு. இரி" என்றாள். டாக்டர் இரண்டு மணி நேரம் என்றுதான் சொன்னாள், அம்மா அதற்கு மேலும் கொஞ்சம் போட்டுவைத்திருந்தாள். நேரம் ஆனதும் பையிலிருந்து டவராவையும் டம்ளரையும் எடுத்தாள், டீக்கடை பெஞ்சில் வைத்துக் காபியை அங்கேயே நீள ஆற்றினாள். டீக்கடைக்காரர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குக் கொடுத்தாள். "குடி. ஆறிப்போவும்."

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஃபில்டர் அலமாரியிலிருந்து இறங்கியது, அப்பா முகத்துக்கு உயிர் வந்தது. பெண்கள் எல்லாரும் மாஷிமாவின் காபிக்கு வரிசையில் நின்றார்கள். கிடர்பூர்க்காரி சர்க்கரை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அம்மாவிடம் வங்காளத்தில் சண்டை போட்டாள், அம்மா முடியாது என்று தமிழில் சண்டை போட்டாள், இருவருக்கும் ஒன்றும் குறைவில்லாமல் புரிந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று தீதி எத்தனையோ முறை கூப்பிட்டார். அம்மா கேட்டைத் தாண்டமாட்டாள். பயிற்சி முடிகிற நேரத்துக்குத்தான் வருவாள். ஆகவே நான் ஓடுவதை அவள் அப்போதும் பார்த்திருக்கவில்லை. நானும் பெஞ்சில் உட்கார்ந்து பழையபடி நாய்க்குட்டிகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரும்பு மெதுவாகத்தான் ஏறும் என்றாள் டாக்டர். மெதுவாகத்தான் ஏறியது. முதலில் மாடிப்படி எளிதானது. அப்புறம் ஒருநாள் அம்மா, "என்னட்டி, அரிசி டப்பாப் பக்கமே ஒன்னக் காணோம்?" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, பச்சரிசி ஆசை எப்போதோ போய்விட்டிருந்தது. தை பிறந்த சமயம் இரண்டாவது சுற்றில் என் கால்கள் மறுபடி என்னுடையவை ஆயின. யாரும் பின்னாலிருந்து இழுக்கவில்லை. அன்றைக்கு ஓடி முடித்ததும் தீதி ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலை ஊதினார். அவர் அப்படி ஊதினால் சந்தோஷம் என்று அர்த்தம்.

தேர்வு ஓட்டத்தன்று மைதானத்தில் கூட்டம். அம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டாள். கிடர்பூர்க்காரி போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வேலிக்கம்பி ஓரமாக நிறுத்தினாள். முதல் இரண்டு பேருக்குத்தான் மாநில அணியில் இடம்.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றை நான் அடக்கமாக ஓடினேன். மணி அடித்தது, கடைசிச் சுற்று. எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் ஒவ்வொருவராகத் தாண்டினேன். கடைசி வளைவில் என் முன்னால் மூன்றே பேர், அவர்களில் ஒருத்தி கிடர்பூர்க்காரி. தொடை கல்லானது, தொண்டையில் அந்த இரும்பு ருசி ஏறியது. ஒருத்தியைத் தாண்டினேன். அடுத்தவளின் தோள் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது, கை நீட்டினால் தொடலாம். கோடு வந்துவிட்டது. கிடர்பூர்க்காரி முதல் ஆள். நான் மூன்றாவது.

புல்லில் விழுந்தேன். வானம் சுற்றியது. புரண்டு படுத்து வாந்தி எடுத்தேன். யாரோ கத்தும் சத்தம் கேட்டது, அதிகாரி ஒருவர் யாரையோ தடுக்கிறார். அதையும் மீறி அம்மா தடத்தின் குறுக்கே, செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். இத்தனை வருஷமும் நான் தினமும் போய்ச் செய்தது இதுதான் என்பதை அன்றைக்குத்தான் அவள் பார்க்கிறாள்.

"மூணாவதும்மா" என்றேன். "எடுக்கமாட்டாங்க."

"பேசாத இரி."

கட்டை விரலால் என் கீழ் இமையை இழுத்தாள். வெயிலுக்கு நேரே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கண்ணையும் பார்த்தாள்.

"செவப்பா இருக்குட்டி" என்றாள். "நல்லாச் செவப்பா இருக்கு."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், தோற்றதற்காக இல்லை. கிடர்பூர்க்காரி வந்து எங்கள் இருவர் மேலும் சாய்ந்தாள், அப்புறம் தீதி கூப்பிட்டதும் பெயர் கொடுக்கப் போனாள். அடுத்த வருஷம் உனக்கு என்று எனக்கு ஜாடை காட்டிவிட்டுத்தான் போனாள். கூட்டம் அடுத்த ஓட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டது. அம்மா புல்லிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து காபியை ஆற்றி என் கையில் கொடுத்தாள். சொல்வதற்கு அன்றைக்கு நாய்க்குட்டிகள் ஏதும் இல்லை.

"கடைசிச் சுத்துல எங்கட்டி வலிச்சுது?" என்று அம்மா கேட்டாள்.

டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். தொடையைப் பற்றி, தொண்டையில் ஏறும் ருசியைப் பற்றி, மழைக்காலத்தில் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனதைப் பற்றி, பந்தல் படியில் உட்கார்ந்து பயந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நுரை அடங்கி, காபியின் மேல் ஆடை படிந்துவிட்டது. குடி, ஆறிப்போவுது என்று அவள் சொல்லவே இல்லை.